8 அங்குல டாப்சோனியனில் வியாழன் கலங்கலாகத் தெரிகிறது: ஆடியைக் கழுவலாமா?

முத்துநகர்_வானம் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். என்னிடம் இருப்பது 8 அங்குல டாப்சோனியன் (அடிப்பலகையில் வைத்துக் கையால் திருப்பும் ஆடித் தொலைநோக்கி), குவியத்தூரம் 1200 மி.மீ. இடம் தூத்துக்குடி, வீட்டு மொட்டை மாடி.

25 மி.மீ. ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் வில்லை, 48 மடங்கு) நிலாவும் கார்த்திகைக் கூட்டமும் குறையில்லாமல் தெரிகின்றன. 10 மி.மீ. போட்டால் (120 மடங்கு) வியாழனில் இரண்டு பட்டைகள் மட்டும் தெரிகின்றன, அதுவும் பால் கலந்த மாதிரி. 6 மி.மீ. போட்டால் (200 மடங்கு) கோளின் விளிம்பே கொதிக்கிறது, ஃபோகஸ் எங்கே நிற்கிறது என்று பிடிபடவில்லை.

ஒளியச்சை (ஆடிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்பதை) சோதிக்கும் லேசர் வைத்துப் பார்த்தால் புள்ளி முதன்மை ஆடியின் (குழாயின் அடியில் உள்ள பெரிய ஆடி) நடு வளையத்தில் விழுந்து, திரும்பி வந்து இலக்கின் நடுவிலேயே உட்காருகிறது. டார்ச் அடித்துப் பார்த்தால் ஆடி முழுக்கத் தூசி. தொலைநோக்கி இருப்பது ஏசி போடும் அறையில். வழக்கமாக இரவு 8 மணிக்கு எடுத்து வைத்து உடனே பார்ப்பேன்.

கேட்க நினைப்பவை: ஆடியைக் கழுவ வேண்டிய நேரம் வந்துவிட்டதா? லேசர் சரி என்று சொன்னால் ஒளியச்சு சரி என்று நம்பலாமா? துருவ நட்சத்திரத்தை வைத்துச் சோதிக்கச் சொல்கிறார்கள், இங்கே அது வேப்பமரத்துக்குப் பின்னால் இருக்கிறது, வேறு வழி உண்டா? கூடவே இன்னொரு தொல்லை: அடிப்பலகையைப் பக்கவாட்டில் நகர்த்தினால் முதலில் அசையாமல் நின்று, பிறகு ஒரேயடியாகத் தாவுகிறது. 200 மடங்கில் கோளைத் தொடரவே முடியவில்லை.

---

வைகைக்கரை பதில்:

தம்பி, இப்போதைக்கு ஆடியைக் கழட்டாதீங்க. தூசி விழுந்த ஆடி ஒளியைக் கொஞ்சம் சிதறடிக்கும், கோளைச் சுத்தி லேசா ஒரு பனிப்படலம் மாதிரி காட்டும், அவ்வளவுதான். விளிம்பு கொதிக்கிறதுக்கும் தூசிக்கும் சம்பந்தமே இல்லை. டார்ச் அடிச்சுப் பார்த்தா நேத்து வாங்கின ஆடிகூட அழுக்காத்தான் தெரியும். பகல் வெளிச்சத்தில் குழாய் வாய் வழியா எட்டிப் பாருங்க. உங்க முகம் தெளிவாத் தெரிஞ்சா அந்த ஆடி இன்னும் வேலைக்கு ஆகும்.

நீங்க எழுதினதில் என் கண்ணில் பட்டது ரெண்டு: ஏசி அறை, இரவு 8 மணி.

23 டிகிரியில் கிடந்த கண்ணாடியை 29 டிகிரி கடற்காத்தில் கொண்டுபோய் வெச்சா, குளிர்ந்த தண்ணி பாட்டில் வேர்க்கிற மாதிரி ஆடியும் வேர்க்கும். கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெல்லிசாப் படிஞ்சாலே படம் பால் கலந்த மாதிரி ஆயிடும். நீங்க சொன்ன அதே வார்த்தை. அது காயும்போது கடல் உப்பையும் தூசியையும் பூச்சில் ஒட்டவெச்சிட்டுப் போகும், அதனால் நாள்பட்ட கெடுதலும் இருக்கு. தொலைநோக்கியை ஏசி இல்லாத அறைக்கு மாத்துங்க. படிக்கட்டுக் கூண்டுக்கு உள்ளே வைக்க இடம் இருந்தா அதுதான் உத்தமம், வெப்பநிலை வெளிக்காத்தை ஒட்டியே இருக்கும்.

ஆடி காத்தை விட வெறும் 2 டிகிரி சூடா இருந்தாலும் அதுக்கு மேலே வெதுவெதுப்பான காத்துப் படலம் நெளியும். 8 அங்குலக் கண்ணாடி தன்னால ஆறி நிதானத்துக்கு வர 45 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். கம்ப்யூட்டர்ல இருக்கிற 80 மி.மீ. ஃபேன் ஒண்ணை ஆடியின் முதுகுப் பக்கம் ரப்பர் பேண்டில் தொங்கவிட்டு, 12 வோல்ட் ஃபேனை 9 வோல்ட்டில் மெதுவா ஓடவிட்டா நேரம் பாதியாக் குறையும். திருகு போட்டு இறுக்காதீங்க, அதிர்வு ஆடிக்கு ஏறும்.

அடுத்தது மாடி. பகல் பூரா வெயில் குடிச்ச கான்கிரீட் ராத்திரி 10 மணி வரைக்கும் சூட்டைக் கக்கிக்கிட்டே இருக்கும். சாயங்காலம் 5 மணிக்கே நாலு வாளித் தண்ணி ஊத்திவிட்டா இருட்டுறதுக்குள்ள தளம் காஞ்சு குளிர்ந்திருக்கும். பக்கத்து வீட்டு ஏசியின் வெளி யூனிட் எந்தப் பக்கம் ஊதுதுன்னும் பாருங்க, அந்தத் திசையில் எதைப் பார்த்தாலும் கொதிக்கும். மண் தரையோ புல்லோ கிடைச்சா மாடியை விட்டுடலாம்.

நம்ம பக்கத்துக்கு ஒரு கொடுப்பினை உண்டு. வியாழன் எந்த ராசியில் இருந்தாலும் தூத்துக்குடியில் உச்சத்துக்கு வரும்போது 58 டிகிரி உயரத்துக்குக் கீழே போகவே போகாது. லண்டன்காரருக்கு அதே கோள் சில வருஷம் 15 டிகிரியில்தான் நிக்கும். அதனால் அது கிழக்கே இப்பத்தான் ஏறுதுன்னா அவசரப்பட்டுப் பார்க்காதீங்க. தலைக்கு மேலே வரட்டும்.

---

ஆடிப்பட்டறை பதில்:

வெப்பம் பற்றி மேலே சொன்னது அனைத்தும் சரி. ஆனால் 120 மடங்கிலேயே பட்டைகள் கரைகின்றன என்றால் ஒளியச்சையும் சந்தேகிக்க வேண்டும். லேசர் காட்டுவதை அப்படியே நம்பாதீர்கள். விலை குறைந்த லேசர்களில் கதிர் அதன் உடலின் நடு அச்சில் போவதில்லை. கோணலான லேசரை வைத்து முதன்மை ஆடியைத் திருப்பினால், கோணலுக்கு ஏற்றபடி ஆடியும் கோணலாகும். புள்ளி மட்டும் அழகாக நடுவில் வந்து உட்காரும்.

முதலில் லேசரைச் சோதியுங்கள். ஒரு மரச்சட்டத்தில் நான்கு ஆணிகளை இரண்டு கத்தரி வடிவில் அடித்து அதன்மேல் லேசரைப் படுக்க வையுங்கள். 5 மீட்டர் தள்ளியுள்ள சுவரில் புள்ளியைக் குறித்துக்கொண்டு லேசரை மெதுவாக உருட்டுங்கள். புள்ளி ஒரே இடத்தில் நின்றால் நல்லது. வட்டம் போட்டால், லேசரின் பக்கவாட்டில் ரப்பர் பசைக்கு அடியில் ஒளிந்திருக்கும் மூன்று சிறிய திருகுகளை ஆலன் சாவியால் திருத்தி, வட்டத்தைச் சுருக்க வேண்டும். கதிரைக் கண்ணால் நேரே பார்க்கக் கூடாது, ஆடியில் பட்டுத் திரும்புவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

சீக்கிரம் வேலை முடிய வேண்டும் என்றால் லேசரே தேவையில்லை. ஃபோகசரில் (ஐபீஸைப் பொருத்தும் குழல்) போட்டு மூடும் பிளாஸ்டிக் மூடியின் சரியான நடுவில் 2 மி.மீ. துளை போடுங்கள். குழாயின் உள்ளே பார்க்கும் பக்கத்தில் வெள்ளைக் காகிதம் ஒட்டுங்கள். இந்த மூடி பொய் சொல்லாது.

வேலையைப் பகலில், குழாயைக் கிடைமட்டமாக வைத்துச் செய்யுங்கள். குழாய் நிமிர்ந்திருக்கும்போது ஆலன் சாவி கை நழுவினால் நேரே முதன்மை ஆடியில்தான் போய் விழும்.

துணை ஆடியில் (குழாய் வாயருகே சாய்ந்திருக்கும் சின்ன ஆடி) தொடங்குங்கள். ஃபோகசருக்கு எதிர்ச்சுவரில் ஒரு வெள்ளைத் தாள், துணை ஆடிக்கும் முதன்மை ஆடிக்கும் நடுவே வேறு நிறத்தில் இன்னொரு தாள். மூடித் துளை வழியே பார்த்தால் துணை ஆடியின் விளிம்பு முழு வட்டமாகத் தெரிய வேண்டும், ஃபோகசர் வாயோடு ஒரே மையத்தில் நிற்க வேண்டும். முட்டை வடிவாக இருந்தால் தண்டைச் சுற்றித் திருப்புங்கள். முன்னாலோ பின்னாலோ தள்ளியிருந்தால் நடுத்திருகு. நடுத்திருகைத் தளர்த்தும்போது மறு கையால் துணை ஆடியின் தாங்கியைப் பிடித்துக்கொள்ளுங்கள், பிடி விட்டால் அப்படியே கழன்று விழும். பிறகு தாளை எடுத்துவிட்டு மூன்று சிறு திருகுகளால் சாய்வைச் சரிசெய்யுங்கள். முதன்மை ஆடியைப் பிடித்திருக்கும் மூன்று கிளிப்புகளும் சம அளவில் தெரிந்தால் போதும். ஒன்றைத் தளர்த்தாமல் மற்றொன்றை இறுக்கக் கூடாது.

கடைசியில் முதன்மை ஆடி. பூட்டுத் திருகுகளைத் தளர்த்திவிட்டு, வில் உள்ள மூன்று திருகுகளால் சரிசெய்யுங்கள். மூடித் துளையின் கரும்புள்ளி ஆடியின் நடு வளையத்துக்குள் வந்து உட்காரும் வரை. உங்கள் ஆடி எஃப் 5.9 (குவியத்தூரத்தை ஆடியின் விட்டத்தால் வகுத்த எண்). குவியத்தளத்தில் கோமா (நட்சத்திரம் வால் முளைத்த மாதிரி தெரிவது) தொல்லை இல்லாத நல்ல பகுதியின் விட்டம் ஏறக்குறைய 4.5 மி.மீ.தான். எஃப் 8 கருவியில் அது 11 மி.மீ. வரை கிடைக்கும். ஒளியச்சு விலகினால் இந்தச் சின்ன வட்டமே பார்வைப் புலத்தின் ஓரத்துக்கு ஓடிவிடும். நீங்களோ வியாழனை நடுவில் வைத்துப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்.

பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. எல்லாம் சரியான பின்னும், துணை ஆடியின் கருநிழல் முதன்மை ஆடியின் பக்கமாகச் சற்றுத் தள்ளியே தெரியும். 45 டிகிரியில் சாய்ந்த ஆடி கூம்பாக வரும் ஒளியை வெட்டுவதால் அப்படித் தெரிகிறது, உங்கள் கருவியில் விலகல் 2 மி.மீ. அளவு. அதை நடுவுக்குக் கொண்டுவரப் போய் நல்ல ஒளியச்சைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

பூட்டுத் திருகுகளை இறுக்கும்போது புள்ளி நகரும். துளையில் கண்ணை வைத்தபடியே, விரல் பலத்துக்கு மேல் போகாமல் இறுக்குங்கள். பின்பு குழாயை 45 டிகிரிக்குத் தூக்கி இன்னொரு முறை பாருங்கள்.

---

செம்மீன்_67 பதில்:

லேசரை ஒதுக்க வேண்டாம். பார்லோ வில்லை (உருப்பெருக்கத்தைக் கூட்டும் வில்லை) இருந்தால் அதன் வழியாக லேசரைப் பாய்ச்சுங்கள். பார்லோவின் ஆடியை நோக்கும் முனையில் நடுத்துளை போட்ட வெள்ளை அட்டை ஒட்ட வேண்டும். கதிர் விரிந்து போய், நடு வளையத்தின் நிழல் அட்டையில் வந்து விழும். அந்த நிழலைத் துளையைச் சுற்றி நிறுத்தினால் முதன்மை ஆடி சரி. லேசர் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் இந்த முறையைப் பாதிக்காது. இருட்டில் வேலை செய்ய இதற்கு நிகர் இல்லை.

துருவ நட்சத்திரத்துக்கு வருகிறேன். அது நகராது என்பதற்காகத்தான் எல்லாரும் அதைச் சொல்கிறார்கள். அதன் உயரம் ஊரின் அட்சரேகைக்குச் சமம், தூத்துக்குடியில் 9 டிகிரிகூட இல்லை. அத்தனை தாழ்வில் மரம் இல்லாவிட்டாலும் காற்றின் கலக்கத்தில் ஒன்றும் தெரியாது. தலைக்கு மேலே 60 டிகிரியைத் தாண்டிய, கண் கூசாத இரண்டாம் ஒளித்தர நட்சத்திரம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 200 மடங்கில் அது புலத்தைக் கடக்க ஒரு நிமிடம் எடுக்கும். ஒவ்வொரு முறையும் நடுவுக்குக் கொண்டுவந்துதான் முடிவு சொல்ல வேண்டும், ஓரத்தில் பார்த்தால் கோமா ஏமாற்றும்.

ஃபோகஸை மிகக் கொஞ்சமாக விலக்குங்கள், நான்கைந்து வளையங்கள் தெரியும் அளவுக்கு. நிறைய விலக்கினால் துணை ஆடியின் நிழல் ஒதுங்கித்தான் தெரியும், அதை வைத்து எதையும் திருகக் கூடாது. வளையங்கள் ஒரு பக்கம் நெருங்கியிருந்தால் குழாய் வாயின் முன்னால் கையை நீட்டிச் சுற்றுங்கள். கையின் நிழல் நெருங்கிய பக்கத்தில் விழும்போது கை எங்கே இருக்கிறதோ, அந்தப் பக்கத் திருகையோ அதற்கு நேர் எதிரில் உள்ளதையோ எட்டில் ஒரு சுற்று. மோசமானால் மறுதிசையில். நட்சத்திரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி பாருங்கள்.

வளையங்கள் வேகமாகத் துடித்தால் அது மேல் காற்று, காத்திருப்பதைத் தவிர வழியில்லை. புகை மாதிரி ஒன்று வட்டத்துக்குள் சோம்பலாக மேலேறினால் அது உங்கள் குழாய்க்குள் இருக்கும் சூடு.

---

முத்துநகர்_வானம் எழுதியது:

ரொம்ப நன்றி அண்ணாக்களே. சொன்னபடி செய்து பார்த்த விவரம் இது.

லேசர் 5 மீட்டரில் 3 செ.மீ. வட்டம் போடுகிறது. மூடித் துளையில் பார்த்தால் கரும்புள்ளி வளையத்துக்கு வெளியே நின்றது, இப்போது உள்ளே வந்துவிட்டது. தொலைநோக்கியைப் படிக்கட்டு அறைக்கு மாற்றி, 10 மணிக்கு மேல் பார்த்தேன். 120 மடங்கில் வியாழனில் நான்கு பட்டைகள். மங்கல் போய்விட்டது.

ஆனால் நட்சத்திரச் சோதனையில் வளையங்கள் வட்டமாக இல்லை. மூலை மழுங்கிய முக்கோணம் மாதிரி. ஃபோகஸின் இந்தப் பக்கம் முக்கோணம் மேலே பார்த்தால் அந்தப் பக்கம் தலைகீழாகிறது. இது ஆடியின் குறையா?

---

ஆடிப்பட்டறை பதில்:

ஆடியில் குறையில்லை, கிளிப்புகள் நெரிக்கின்றன. மூன்று கிளிப், மூன்று மூலை. ஆடி தன் இருக்கையில் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், யாரும் அதை அழுத்தக் கூடாது. கிளிப்பின் வேலை குழாய் கவிழ்ந்தால் ஆடி விழாமல் தடுப்பது மட்டுமே. ஒவ்வொரு கிளிப்புக்கும் ஆடிக்கும் நடுவே ஒரு தாள் தடையில்லாமல் நுழைந்து வரும்படி தளர்த்துங்கள். பிறகு ஆடி உட்கார்ந்திருக்கும் கூட்டை மெல்ல அசைத்தால் ஆடி இலேசாக நகரும் சத்தம் கேட்கும், அதுதான் சரியான நிலை. பக்கவாட்டுத் திருகுகள் இருந்தால் அவற்றுக்கும் இதே விதி.

கூட்டை வெளியே எடுக்கும் முன் குழாயிலும் கூட்டிலும் ஒரே நேர்கோட்டில் மார்க்கரால் கோடு போடுங்கள். திரும்பப் பொருத்தும்போது அதே திருகுத் துளைகள் சேர்ந்தால் ஒளியச்சு வேலை பாதியாகும்.

---

நெய்தல்_விண்நோக்கி பதில்:

கூடு எப்படியும் வெளியே வருகிறது, நீங்கள் இருப்பது கடற்கரை ஊர். அதனால் கழுவுவது பற்றி மேலே சொன்னதில் ஒரு மாற்றுக் கருத்து. வெறும் தூசி என்றால் இரண்டு மூன்று வருடம்கூட விடலாம். உப்புக் காற்று அப்படியில்லை. ஈரத்தோடு சேர்ந்த உப்பு அலுமினியப் பூச்சில் ஊசிமுனைப் பொத்தல்கள் போடும், மேலே இருக்கும் காப்புப் படலம் எத்தனை நாள் தாங்கும் என்று சொல்ல முடியாது. கடலோரத்தில் வருடம் ஒருமுறை, பனிக்காலம் முடிந்ததும் ஒரு கழுவல் நல்லது. அடிக்கடி கழுவுவதும் ஆபத்துதான், ஒவ்வொரு தொடுதலும் கீறலுக்கு வாய்ப்பு.

மோதிரம், வளையல், கைக்கடிகாரம் எல்லாம் கழற்றிவிடுங்கள். பிளாஸ்டிக் பேசினில் துண்டு விரித்து ஆடியை முகம் மேலாக வையுங்கள். முதலில் தண்ணீர் மட்டும், தாராளமாக. போர் தண்ணீர் வேண்டாம், காய்ந்ததும் வெள்ளைத் திட்டு விடும். கேன் தண்ணீர் நல்லது. மணல் துகள்கள் இந்தக் கட்டத்திலேயே ஓடிப்போக வேண்டும், அவைதான் பின்னால் கீறுபவை. அவசரப்படாமல் ஊற்றுங்கள்.

பிறகு மூன்று நான்கு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் துலக்கும் திரவம் சில சொட்டு. ஆடி அதில் மூழ்கி 10 நிமிடம் ஊறட்டும். மருந்துக்கடையில் விற்கும் பஞ்சு உருண்டையை நன்றாக நனைத்து, நீருக்கு அடியிலேயே ஒரே திசையில் ஒரே இழுப்பு. பஞ்சின் எடையே போதும், விரலால் அழுத்தாதீர்கள். ஒரு இழுப்புக்கு ஒரு பஞ்சு. வட்டமாகத் தேய்க்கும் பழக்கத்தைப் பாத்திரத்தோடு விட்டுவிடுங்கள்! போகாத கறை இருந்தால் அப்படியே விடுங்கள், கறை ஒளியைக் கெடுப்பதைவிடக் கீறல் அதிகம் கெடுக்கும்.

மறுபடி தண்ணீர், கடைசி அலசல் மட்டும் அரை லிட்டர் டிஸ்டில்டு வாட்டர். பேட்டரிக் கடையில் கிடைக்கும், ஆனால் அதே அலமாரியில் ஆசிடும் இருக்கும், லேபிளைப் படித்து வாங்குங்கள். ஆடியைச் சுவரில் ஏறக்குறையச் செங்குத்தாகச் சாய்த்துக் காயவிடுங்கள். தங்கிய ஓரிரு சொட்டுகளை டிஷ்யூவின் முனையால் தொட்டு உறிஞ்சலாம், துடைக்கக் கூடாது. ஜன்னல் கண்ணாடிக்கு அடிக்கும் ஸ்பிரே பக்கத்திலேயே வரக் கூடாது, அதில் அம்மோனியா இருந்தால் அலுமினியத்தை அரிக்கும். துணை ஆடி தாங்கியில் ஒட்டப்பட்டிருப்பதால் அதை ஊறவைக்காதீர்கள், தண்ணீரை ஓடவிட்டால் போதும்.

பூச்சு போய்விட்டதா என்று அறிய, ஆடியின் பின்னால் விளக்கைப் பிடித்து முன்பக்கமிருந்து பாருங்கள். அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பொத்தல் இருப்பது சகஜம். நட்சத்திர வானம் மாதிரி நிறைந்திருந்தால் புதுப் பூச்சுக்குக் கொடுக்க வேண்டியதுதான். அதில் வருந்த ஒன்றுமில்லை, காவலூரில் 1986 முதல் இயங்கும் 2.34 மீட்டர் வைனு பாப்பு தொலைநோக்கியின் ஆடிக்கும் அலுமினியப் பூச்சைப் புதுப்பித்துத்தான் ஆக வேண்டும்.

---

வைகைக்கரை பதில்:

அடிப்பலகையை எல்லாரும் மறந்துட்டீங்க.

நின்னு நின்னு தாவுதுன்னா மூணு இடம் பார்க்கணும். நடு போல்ட்டின் நட் இறுகியிருக்கும்: அது பலகையைத் தொட்டும் தொடாம இருந்தாப் போதும். அடுத்தது, ரெண்டு பலகைக்கும் நடுவில் வழுக்கிறதுக்கு இருக்கிற டெஃப்லான் துண்டுகள். அவை மேல எடை முழுக்க உட்கார்ந்தா முதல் அசைவுக்கே பெரிய தள்ளு வேணும். நடு போல்ட்டில், ரெண்டு பலகைக்கும் நடுவில், பிளாஸ்டிக் டப்பா மூடியை வெட்டின வாஷர் ஒண்ணு ரெண்டு போட்டா கொஞ்ச எடையை அது வாங்கிக்கும். அதிகம் போட்டா பலகை ஆடும், ஒவ்வொண்ணாப் போட்டுப் பாருங்க. மூணாவது, டெஃப்லான் உரசுற சன்மைக்கா பரப்பு. துணியால துடைச்சு கார் வேக்ஸ் லேசாத் தேய்ச்சு விடுங்க. எண்ணெய் மட்டும் வேண்டாம். ரெண்டு நாள் வழுக்கும், அப்புறம் தூசியோட சேர்ந்து பசையாயிடும்.

பலகை மரத்தூள் அட்டைதான், ஈரத்தில் ஊதும். ஊதினா மூணு டெஃப்லானும் ஒரே மட்டத்தில் இருக்காது, என்ன வேக்ஸ் போட்டும் பிரயோஜனம் இல்லை. வெட்டு விளிம்பு எங்கெல்லாம் தெரியுதோ அங்கெல்லாம் எனாமல் பெயின்ட் ரெண்டு கோட்டிங் அடிச்சுடுங்க. நடு போல்ட் துளையின் உள்சுவரையும் விடாதீங்க.

---

முத்துநகர்_வானம் எழுதியது:

நட் உண்மையிலேயே இறுகித்தான் இருந்தது அண்ணா. கிளிப்புகளையும் தளர்த்திவிட்டேன், வளையங்கள் வட்டமாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமை கழுவப் போகிறேன். பார்த்து முடித்ததும் உடனே மூடி போட்டு வைக்கலாமா?

---

நெய்தல்_விண்நோக்கி பதில்:

ஈரத்தோடு மூடாதீர்கள், பூஞ்சை அங்கேதான் தொடங்கும். அறைக்குள் கொண்டுவந்து, குழாயைப் படுக்கவைத்து, ஃபேனுக்குக் கீழே அரைமணி நேரம் திறந்தபடி விடுங்கள். துணை ஆடியில் பனி இருந்தால் அதுவும் தானாகக் காயட்டும். பிறகு இரு முனையும் மூடி, உள்ளே 200 கிராம் சிலிக்கா ஜெல் பை ஒன்று. நிறம் மாறியதும் வாணலியில் இளஞ்சூட்டில் வறுத்துத் திரும்பப் பயன்படுத்தலாம். ஐபீஸ்களுக்குக் காற்றுப் புகாத டப்பா தனியாக, பூஞ்சை ஆடியைவிட அவற்றில்தான் சீக்கிரம் பிடிக்கும்.

ஃபோகசர் வாயையும் மூட மறக்காதீர்கள். ஒன்றேகால் அங்குலத் துளை குளவி மண்கூடு கட்டத் தாராளமாகப் போதும். துளை போட்ட மூடியைத் தனியாக வைத்துக்கொண்டு, மூடுவதற்கு வேறு மூடி வாங்கிவிடுங்கள்.